மாவட்டத்துக்கு ஓர் இடம்

தோமஸின் வலது கால் றிஸ்மியாவை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்பு பாரிசவாதம் அடித்து விழுந்துபோன கால் அது. அதற்கு முன் முப்பது வருடம் கற்பிட்டிக் கடலில் வள்ளத்தின் மேல் ஊன்றி நின்ற கால். இப்போது ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவ அறையில், இரண்டு பிடிகம்பிகளுக்கு நடுவே, சீமெந்துத் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. “தூக்குங்க அங்கிள், தூக்குங்க” என்று றிஸ்மியா தொண்டை வறளச் சொல்வாள். கால் அசையாது. பிறகு றிஃப்னா வந்து பக்கத்தில் குந்துவாள். அவருடைய முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து, மற்ற யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொல்வாள். அந்தப் பாழாய்ப்போன கால் நாலு விரற்கடை எழும்பும்.

என்னதான் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் றிஸ்மியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் துவாய் மடிக்கிற சாட்டில் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தாள். வள்ளத்துக்குள்ளே காலை வையுங்கள், தண்ணீர் முழங்காலளவுதான் என்றுதான் றிஃப்னா சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று அடுத்த நாள் றிஸ்மியாவும் அதே இடத்தில் குந்தி, அதே இரண்டு விரலை வைத்து, அதையே சொன்னாள். தோமஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மற்றப் புள்ள வரட்டும் மகள்” என்றார்.

நோயாளி ஒருவர் சொன்னதை இவ்வளவு தூரம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று யாரும் கேட்கலாம். வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இரண்டு பெண்களும் அந்த அறையில் நின்றது ஒரே ஓர் இடத்துக்காக.

குருநாகலில் ஒரு கல்லூரி, இரண்டு வருட இயன்மருத்துவ உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. யுத்தம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. காலிழந்தவர்களையும் கை விளங்காதவர்களையும் எழுப்பி நடக்க வைக்க ஆள் போதாதென்று, வெளிநாட்டு உதவியில் தொடங்கிய புதுப் படிப்பு. படிப்பும் தங்குமிடமும் இலவசம். முடித்தவுடன் சொந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். விண்ணப்பத்தோடு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், ஏதாவதோர் இயன்மருத்துவ அறையில் நாற்பது மணித்தியாலம் கூட நின்று பார்த்ததற்கான கையெழுத்து எல்லாம் வேண்டும். பிறகு நேர்முகப் பரீட்சை. எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியில், ஒரு மாவட்டத்துக்கு ஓர் இடம் என்று போட்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகம் றிஸ்மியாவுக்கு மயிரிழையில் தவறியிருந்தது. றிஃப்னாவுக்கும் அப்படித்தான், இருவரும் சேர்ந்து தவறிய ஒரே பரீட்சை அதுதான். நோன்புப் பெருநாள் முடியட்டும், மாப்பிள்ளை பார்ப்போம் என்று றிஸ்மியாவின் வாப்பா மஸாஹிர் சொல்லி வைத்திருந்தார். இந்தப் படிப்புக் கிடைத்தால் இரண்டு வருடம் பொறுப்பேன் என்றும் சொல்லியிருந்தார். ஆகவே றிஸ்மியாவுக்கு அந்த இடம் வேண்டும். அதைவிட, அது றிஃப்னாவுக்குக் கிடைக்கக் கூடாது. இந்த இரண்டில் எது பெரிதென்று அவளை நிறுத்திக் கேட்டிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள்.

இரண்டு பேரும் புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவில் ஒரே வருடம் பிறந்தவர்கள். றிஸ்மியா பிறந்தது களப்புப் பக்கம் பார்த்த ஓட்டு வீட்டில். றிஃப்னா பிறந்தது அந்த வீட்டுக்குப் பின்னால், தென்னங்காணியில் போட்டிருந்த ஓலைக் கொட்டிலில். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்கு றிஸ்மியாவின் குடும்பம் அந்தக் காணியைக் கொடுத்தது. கொட்டில்கள் பிறகு கல் வீடாயின, பாதை வந்தது, கரண்ட் வந்தது. ஆனாலும் றிஃப்னாவின் உம்மா சித்தி லெய்லா, எப்போது வந்தாலும், “ஒங்கட காணிலதானே இரிக்கிறம்” என்று சொல்லித்தான் கதையைத் தொடங்குவாள். புருஷன் மௌத்தான பிறகு மஸாஹிரின் உப்பளத்தில் உப்பு வாரி றிஃப்னாவை வளர்த்தவள் அவள். அந்த ஒரு வசனம் கேட்கும்போதெல்லாம் றிஸ்மியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். அந்த நேரங்களில் அவள் றிஃப்னாவுக்குத் தன் சப்பாத்தையும் கொடுப்பாள், கொப்பியையும் கொடுப்பாள். கொடுக்கிற பக்கம் நிற்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

கஷ்டம் தவணைப் பரீட்சைகளில் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பதின்மூன்றாம் வகுப்பு வரை றிஃப்னா முதலாவது, றிஸ்மியா இரண்டாவது. ஒரு தவணையாவது மாறியதில்லை. ரிப்போட் கிடைத்தவுடன் இருவரும் மதில் ஓரத்தில் நின்று ஒன்றையொன்று மாற்றிப் பார்ப்பார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிறகு றிஸ்மியா வீட்டுக்கு வருவாள். உம்மா நஃபீஸா அடுப்படியிலிருந்து திரும்பிப் பாராமலே, “யாரு முதலாவது?” என்று கேட்பாள்.

“அவள்தான்.”

எட்டு வருடம், வருடத்துக்கு மூன்று தவணை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி றிஸ்மியாவின் நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

சுல்பா மிஸ் என்றொரு இளம் இயன்மருத்துவர்தான் அந்த அறைக்குப் பொறுப்பு. நேர்மையான மனுஷி, இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்த்தாள். றிஸ்மியா ஒருநாளும் பிந்தி வரவில்லை. நோயாளிகளின் பதிவை அச்சடித்தாற்போல எழுதினாள். கால் மடிக்கும் அளவைக் கருவி வைத்து ஒரு பாகையும் பிசகாமல் எடுத்தாள். றிஃப்னா பஸ் தவறிப் பிந்தி வருவாள், அளவைப் பிழையாக எழுதித் திருத்துவாள். ஆனால் அவள் வந்தவுடன் அறையிலிருந்த நோயாளிகளின் முகம் எல்லாம் வாசல் பக்கம் திரும்பும். அதைப் பார்க்கிறபோது றிஸ்மியாவுக்கு வயிறு பற்றி எரியும்.

நாற்பது மணித்தியாலம் முடிந்த அன்று சுல்பா மிஸ் இருவருக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதி, மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். றிஃப்னா அந்நேரம் தோமஸைக் கதிரையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். றிஸ்மியா தன் கடிதத்தை எடுத்தாள். நேரம் தவறாதவர், ஒழுங்கானவர், பதிவுகளில் மிகுந்த கவனம் உள்ளவர் என்று இருந்தது. நல்ல கடிதம்தான். அடியில் மற்றக் கடிதம் கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

“இவருடைய கைகளை நோயாளிகள் நம்புகிறார்கள்” என்று எழுதியிருந்தது.

ஒழுங்கும் நேரமும் கவனமும் பழகினால் வந்துவிடும். இதை எங்கே போய்ப் பழகுவது? றிஸ்மியா தன் கையை விரித்துப் பார்த்தாள். றிஃப்னாவின் கையைவிட வடிவான கை, மருதாணி வைத்தால் ஊரே பார்க்கும் கை. அதை யாரும் நம்பவில்லை என்று ஆஸ்பத்திரிக் கடதாசியிலேயே எழுதித் தந்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் றிஃப்னா தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். றிஸ்மியா அவளுடைய தலையைத் தள்ளிவிடவும் இல்லை, வழியெல்லாம் ஒரு சொல் கதைக்கவும் இல்லை. அவளுக்கு ஒரு இலக்கம் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

அந்த இலக்கம் வந்த கதை இது. யுத்தம் முடிந்த பிறகு, மன்னாரில் மீளக் குடியேறுபவர்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள் என்று செய்தி வந்தது. பெற வேண்டுமானால் வாக்காளர் பதிவு அங்கே இருக்க வேண்டும். குடியிருப்பில் பாதிப் பேர் பதிவை அங்கே மாற்றினார்கள், ஆட்கள் இங்கேயே இருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, தொழில் இங்கே, அங்கே இருந்ததோ பற்றைக்காடு. அதை யாரும் கள்ளமாக நினைக்கவில்லை. இரண்டு ஊர் இருப்பவனுக்கு இரண்டு கடதாசி இருக்கும் என்பதுதான் நினைப்பு. சித்தி லெய்லாவும் முசலிப் பக்கத்துத் தன் கிராமத்தில் தன்னையும் மகளையும் பதிந்தாள். வீட்டுக்கான படிவத்தை அவள் கொண்டுவந்த அன்று றிஃப்னாவுக்குக் கடும் காய்ச்சல். எழுத வாசிக்கத் தெரியாத சித்தி லெய்லா அதை றிஸ்மியாவிடம் நீட்டினாள். வாக்காளர் இடாப்பில் றிஃப்னாவின் தொடர் இலக்கத்தைத் துண்டுக் கடதாசியில் பார்த்து எழுதியது றிஸ்மியாதான். றிஃப்னா போர்வைக்குள் கிடந்தபடி கையெழுத்து மட்டும் வைத்தாள். றிஸ்மியாவுக்கு எண்கள் மறப்பதில்லை. அது அவளுடைய கெட்டித்தனம்.

அடுத்த சனிக்கிழமை புத்தளம் டவுனுக்குத் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கொமினிகேஷன் கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்று அடித்தாள். மொட்டைப் பெட்டிசம்தான். விண்ணப்பதாரியான றிஃப்னா புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய வாக்கு மன்னார் மாவட்டத்தில் இன்ன கிராமத்தின் இடாப்பில் 412ஆம் இலக்கத்தில் உள்ளது. வந்தவர்கள் மண்ணின் பிள்ளைகளுடைய இடத்தைப் பறிப்பதை அனுமதிக்க வேண்டாம். இப்படிக்கு, நலன்விரும்பி.

இலக்கத்தைப் போடாவிட்டால் வெறும் பொறாமை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆகவே போட்டாள். வாசித்துப் பார்த்தபோது அதில் ஒரு சொல்லாவது பொய்யில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி கூட வந்தது. பொய் சொல்வதுதான் பாவம், நான் பொய் சொல்லவில்லை என்று தபால் கந்தோர் வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். இவ்வளவு தடவை சொல்ல வேண்டியிருந்ததிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடிதம் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

நேர்முகத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் குருநாகல் போனார்கள். சேர்ந்து போகாவிட்டால் ஊர் ஏனென்று கேட்கும். றிஃப்னா ரொட்டியும் கட்டச்சம்பலும் இரண்டு பேருக்குக் கட்டி வந்திருந்தாள். பயம் வந்தால் நீ காலையில் சாப்பிடமாட்டாயே, அதனால்தான் என்றாள். தன்னைப் பற்றி இவள் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே என்று றிஸ்மியாவுக்கு அதிலும் எரிச்சல் வந்தது. ஆனாலும் இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

றிஸ்மியாவை உள்ளே கால் மணித்தியாலம் வைத்திருந்தார்கள். எலும்புகளின் பெயர், பாரிசவாத நோயாளியைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும் முறை, இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தாய் என்பது. தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்து றிஃப்னா போனாள். கால் மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலம் போனது. முக்கால் மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தபோது, றிஃப்னா பர்தாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு வந்தாள். என்ன நடந்தது என்று றிஸ்மியா கேட்டாள். கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று கேட்டாள். நல்லாத்தான் நடந்தது என்று றிஃப்னா சொன்னாள். புத்தளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறபோதுதான் வாயைத் திறந்தாள்.

“எந்த ஊருண்டு கேட்டாங்க. கரைத்தீவுண்டு சொன்னன்.”

“ம்.”

“அவங்க ஒரு கடதாசியப் பாத்து வேற ஊர்ட பேர வாசிச்சாங்க.”

றிஸ்மியா காலடியில் கிடந்த ஒரு பஸ் டிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் எழுதியிருப்பார்கள் என்று றிஃப்னா கேட்பாள், அதற்கு என்ன சொல்வதென்று அவள் நாலு பதில் தயாராக வைத்திருந்தாள். றிஃப்னா கேட்கவில்லை. பஸ் வந்தது. வழக்கம்போல ஜன்னல் பக்கத்தை றிஸ்மியாவுக்கு விட்டுவிட்டு மற்றப் பக்கம் உட்கார்ந்தாள். அன்று தோளில் சாய்ந்து நித்திரை கொள்ளவில்லை.

ஐந்து கிழமைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே நாள் கடிதம் வந்தது. புத்தளம் மாவட்டத்துக்கு றிஸ்மியா. அவள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தெரிவு என்ற சொல்லுக்குக் கீழே ஒரு வரியையும் வாசிக்காமல் அலுமாரிக்குள் வைத்தாள். வாப்பா உப்பளத்திலிருந்தே ஓடி வந்தார். உம்மா ஐந்து வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பினாள். அன்று பின்னேரம் வரைக்கும், அதாவது நாலு மணித்தியாலம், றிஸ்மியா வாழ்க்கையில் முதல் தடவையாக முழுச் சந்தோஷமாக இருந்தாள்.

பின்னேரம் செய்தி வந்தது. றிஃப்னாவுக்கும் கிடைத்திருக்கிறது. மன்னார் மாவட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஒருவரும் இல்லையாம். வாக்கு அங்கே இருப்பதால் அந்த மாவட்டத்துப் பிள்ளையாக எடுக்கிறோம், சம்மதமா என்று நேர்முகத்திலேயே கேட்டார்களாம். பெட்டிசம் எழுதியவர் வாயில் சீனியைப் போட வேண்டும் என்று குடியிருப்பு முழுக்கச் சிரிப்பு. தான் கெடுக்க எழுதியது அவளுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறது என்று விளங்கியபோது, றிஸ்மியாவுக்குச் சாப்பிட்ட வட்டிலப்பம் நெஞ்சுக்குள் நின்றது. இந்த நாட்டில் இவளுக்கென்று ஒரு மாவட்டம் காலியாகக் கிடந்திருக்கிறதே என்று அன்றிரவு முழுக்கப் புரண்டாள்.

மற்றப் பாதி அடுத்த நாள்தான் தெரிந்தது. வட மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வவுனியாவில். முடித்த பிறகு ஐந்து வருட வேலை மன்னாரில். எல்லாமாக ஏழு வருடம். சித்தி லெய்லா கூடப் போக முடியாது. உப்பு வாரி வாரி இடுப்பு விட்டுப்போனவள், அங்கே வீடென்று நாலு சுவரும் பாம்பும்தான். றிஃப்னா மன்னாருக்குப் போனது வாழ்க்கையில் இரண்டே தடவை, இரண்டும் கையெழுத்து வைக்க. றிஸ்மியா வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. இடமும் அவளுக்கு, ஊரும் அவளுக்கு, முந்தி நிற்க ஆளும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டுமென்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் மனம் ஒரு இடத்தில் இருக்க மறுத்தது.

சுல்பா மிஸ்ஸுக்கு இனிப்புக் கொடுக்கப் போன அன்று தோமஸ் அங்கே இருந்தார். கைத்தடியோடு அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தானே நடந்தார். றிஸ்மியா தட்டை நீட்ட, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். மற்றப் புள்ள எங்கே என்று கேட்டார். மன்னாருக்குப் போகப் போகிறாள் என்று சுல்பா மிஸ் சொன்னாள்.

“அந்தப் புள்ளய என்னத்துக்கு அங்க அனுப்புற? அது இங்க புறந்த புள்ளதானே.”

தோமஸ் இனிப்பை வாயில் போடாமல், இடது கையால் ஒரு கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தப் பிள்ளை வந்தால் கொடுக்க வைத்துக்கொண்டார் என்று நினைத்து றிஸ்மியா குமைந்தாள். தான் கொண்டுவந்த இனிப்பு.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை றிஃப்னா பொருத்தம் கேட்க வந்தாள். ஹஜ்ஜுக்கோ தூரப் பயணத்துக்கோ போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பது ஊர் வழக்கம். கேட்கப்பட்டவர் பொருந்திக்கொண்டேன் என்பார். பிறகு அவரும் அதையே திருப்பிக் கேட்பார். என்ன பிழை என்று இரு பக்கமும் விபரிப்பதில்லை. அதுதான் அதிலுள்ள வசதி. றிஸ்மியா இரண்டு நாளாக அந்த வசதியை நம்பித்தான் இருந்தாள். பொதுவாகக் கேட்டு, பொதுவாக வாங்கிக்கொண்டு, கணக்கை முடித்துவிடலாம்.

றிஃப்னா முதலில் உம்மாவிடம் கேட்டாள். நஃபீஸா அவளைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, குடிக்க ஏதாவது கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். இருவரும் முன் அறையில் தனியே நின்றார்கள். றிஃப்னா கைப்பையைத் திறந்து தன் கடிதத்தை எடுத்தாள்.

“ஒன்ட கடிதத்தக் கொண்டா பாப்பம்” என்றாள்.

மதில் ஓரத்து வழக்கம். றிஸ்மியா அலுமாரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு கடிதத்தின் அடியிலும் நேர்முகப் புள்ளி போட்டிருந்தது. றிஸ்மியா அந்த வரியை அப்போதுதான் கண்டாள். றிஃப்னாவின் முகம் மெல்ல விரிந்தது.

“ஒனக்கு எழுவத்தெட்டு. எனக்கு எழுவத்தி நாலு. இந்தமுற நீதான் முதலாவது புள்ள. நான் இங்கயே நிண்டிருந்தாலும் இடம் ஒனக்குத்தான் வந்திரிக்கும்.”

எட்டு வருடம் இருபத்து நாலு தவணையாக அவள் வாயிலிருந்து கேட்க ஏங்கிய சொல். கேட்டுவிட்டாள். றிஸ்மியாவுக்குக் காது அடைத்ததுபோல இருந்தது. எழுதாமல் விட்டிருந்தால் போதும். ஒன்றுமே செய்யாமல் வீட்டில் சும்மா இருந்திருந்தால் வென்றிருப்பாள். றிஃப்னாவும் இந்த ஊரிலேயே, இரண்டாவதாக, அவள் கண்ணுக்கு முன்னால் இருந்திருப்பாள்.

றிஃப்னா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தாள். சூடான, காய்ப்பு விழுந்த கை. தோமஸின் கால் எதற்காக எழும்பியது என்று றிஸ்மியாவுக்கு அப்போது விளங்கியது. விளங்கியதும் பொறாமைதான் முதலில் வந்தது.

“தெரிஞ்சோ தெரியாமலோ ஒனக்கு ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்க.”

“பொருந்திக்கிட்டன்” என்றாள் றிஸ்மியா. இனித் தன் முறை. மனப்பாடமான வசனம்தான். “நானும் ஒனக்கு... தெரிஞ்சோ...” என்று தொடங்கினாள். தெரியாமலோ என்ற சொல் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. மறுபடி தொடங்கினாள். மறுபடி அங்கேயே நின்றது.

றிஃப்னா அவள் முடிக்கக் காத்திருக்கவில்லை.

“எல்லாத்தையும் பொருந்திக்கிட்டன். அந்தக் கடதாசியையும் சேத்துத்தான்.”

றிஸ்மியா கையை இழுக்கப் பார்த்தாள். றிஃப்னா விடவில்லை.

“நானூத்திப் பன்னெண்டு. அந்த நம்பர் எனக்கும் தெரியாது, உம்மாக்கும் தெரியாது. அவங்க வாசிக்கக்கொள்ளதான் முதல்ல கேட்டன். அந்த ஃபோர்ம நிரப்பினது நீ.”

“அண்டைக்கே தெரியுமா?”

“ஓம். பஸ்ஸுக்கு நிக்கக்கொள்ளயே.”

“ஏன் என்னட்டக் கேக்கல்ல?”

“கேட்டா நீ இல்லண்டு சொல்லியிருப்பாய். பிறகு அந்தப் பொய்யையும் நான் பொருந்திக்கணும்.” றிஃப்னாவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “நம்பரப் போட்டது பரவால்ல. மண்ணுட புள்ள இல்லண்டு போட்டிருந்தாய். நான் இங்கயில்லாம எங்க புறந்த? ஒங்கட காணிலதானே.”

சித்தி லெய்லா சொல்லிக் கேட்டுக் குளிர்ந்த அதே வசனம். இன்றைக்கு அது அறைந்தது. நீ குருநாகலிலிருந்து லீவில் வருகிறபோது என் உம்மாவின் இடுப்புக்கு மிஸ் காட்டித் தந்த பயிற்சியைச் செய்து விடு, நீ அளந்து சரியாகச் செய்வாய் என்று றிஃப்னா சொன்னாள். ஸலாம் சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு, தென்னங்காணிக்குள் இறங்கிப் போனாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் பொருத்தம் கேட்க வேண்டியிருந்தது.

றிஸ்மியா வாசலில் நின்றாள். ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால், ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால், இவளும் என்னைப் போலத்தான் என்று நிம்மதியாக அழுதிருக்கலாம். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாள். எழுபத்தெட்டு என்று போட்ட கடிதம் கையில் கசங்கியிருந்தது.

நஃபீஸா நன்னாரி சர்பத்தோடு வந்து, ஆளைக் காணாமல், தம்ளரை மேசையில் வைத்தாள். அதற்குள் போய்விட்டாளா, பொருத்தம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னோம் என்றாள் றிஸ்மியா.

“அதுல முதல்ல கேக்கிற ஆளுக்குத்தான் நன்ம கூட” என்று உம்மா தம்ளரின் அடியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “யாரு முதல்ல?”

றிஸ்மியா காணிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவள்தான்” என்றாள்.